அரசு கொடுத்த லேப்டாப்பில் இடமில்லையா? இரண்டாவது டிரைவ் போடும் முன் இதைப் படியுங்கள்!

வேடந்தாங்கலுக்குப் பிரியும் சாலையும் கூட்டுறவு சர்க்கரை ஆலையும்தான் படாளத்தின் அடையாளங்கள். இங்கிருந்து செங்கல்பட்டு ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்கும், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி வேலைக்கும் போய்வரும் இளைஞர்கள் இருக்கிற வீடுகளில் ஒரு பொருளை அடிக்கடி பார்க்கலாம். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்!

படிக்கக் கொடுத்த லேப்டாப்தான். ஆனால், இன்று அதற்குள் அக்காவின் கல்யாண வீடியோ, தம்பியின் புராஜெக்ட், அப்பா ஸ்கேன் செய்து வைத்த பட்டா, பாட்டியின் கடைசி போட்டோ என்று மொத்தக் குடும்பமும் குடியிருக்கும். கூடவே, 'சி டிரைவ் நிறைந்துவிட்டது' என்று சொல்லும் அந்தச் சிவப்புப் பட்டையும் இருக்கும்.

புதிய லேப்டாப் என்றால் பல பத்தாயிரம் வேண்டும். ஒரு டிரைவ் மட்டும் என்றால் சில ஆயிரங்களில் முடியும். அதனால், 'இதிலேயே இன்னொரு டிரைவ் போட்டுக்கொள்ளலாமா?' என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால், அவசரப்பட்டு ஆர்டர் போட்டால், வாங்கிய டிரைவ் உள்ளே பொருந்தாமல் பெட்டியிலேயே கிடக்கும். அதைவிட மோசம், சரியாகத் தெரியாமல் கைவைத்தால் உள்ளே இருக்கிற போட்டோக்களும் போய்விடும்.

320 எப்படி 256 ஆனது?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூரில் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் நடந்தது. அப்போது வழங்கப்பட்ட லேப்டாப்களில் 2 ஜிபி ரேமும், 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்காக 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் தொடங்கிய புதிய திட்டத்தின் லேப்டாப்களில் 8 ஜிபி ரேமும், 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளன.

'15 வருஷம் கழித்து இடம் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைந்தது?' என்று தோன்றலாம். காரணம், இரண்டும் வேறு வேறு ஜாதிப் பொருள்கள்.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சிறிய ஊசிமுனை அந்தத் தட்டின் மேல் ஓடி ஓடித் தகவலைத் தேடி எடுக்கும். உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐபிஎம் 1956-ல் அறிமுகப்படுத்தியபோது, அதற்குள் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவோ 5 எம்பிகூட இல்லை. இன்று ஒரே ஒரு செல்போன் போட்டோ அந்த இடத்தை நிறைத்துவிடும்!

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. முழுக்க சிப்தான். எந்த மூலையில் இருக்கும் தகவலையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி வேகத்தில் படிக்கும் என்றால், சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் 3,000 எம்பிக்கு மேல் போவதும் உண்டு. இடம் குறைந்தாலும் 256 ஜிபி எஸ்எஸ்டி லேப்டாப் பறப்பதற்கும், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் லேப்டாப் ஆன் ஆவதற்குள் காபி ஆறிப்போவதற்கும் இதுதான் காரணம்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்குத் தேவை எது?

இரண்டாவது டிரைவ் கேட்பவர்களின் தேவை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இடம், வேகம், பாதுகாப்பு. மூன்றுக்கும் ஒரே டிரைவ் தீர்வாகாது.

இடம்தான் பிரச்னை, லேப்டாப் வேகமாகவே இருக்கிறது என்றால், காலியாக உள்ள இடத்தில் இன்னொரு டிரைவைப் போட்டு, வீடியோக்களையும் போட்டோக்களையும் அதற்கு மாற்றினால் போதும்.

வேகம்தான் பிரச்னை என்றால், இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க்கைப் போடுவதில் பலன் இல்லை. எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸையே அதற்கு மாற்ற வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் கோப்புகளை வைத்துக்கொள்ளும் பரணாகிவிடும். எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவைத்தால், செலவு செய்ததுதான் மிச்சம்.

'போட்டோக்கள் அழிந்துவிடக் கூடாது' என்ற பாதுகாப்புதான் தேவை என்றால், அதற்கு லேப்டாப்புக்குள் போடும் டிரைவ் சரியான வழியே அல்ல. ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

லேப்டாப்பில் இடம் இருக்கிறதா?

இரண்டாவது டிரைவை மூன்று இடங்களில் ஒன்றில்தான் பொருத்த முடியும்.

1. எம்.2 ஸ்லாட்: இது மதர்போர்டிலேயே இருக்கும் சிறிய, நீளமான ஸ்லாட். சூயிங்கம் பட்டை அளவுள்ள எஸ்எஸ்டி இதில் உட்காரும். சில லேப்டாப்களில் ஒன்று, சிலவற்றில் இரண்டு, பழையவற்றில் ஒன்றுகூட இருக்காது. வைஃபை கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அது டிரைவுக்கானது அல்ல.

2. இரண்டரை அங்குல இடம்: ஹார்டு டிஸ்க்கோ, அதே அளவுள்ள சாட்டா எஸ்எஸ்டியோ உட்காரும் குழி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்டியோடு வந்த சில லேப்டாப்களில் இந்தக் குழி காலியாக இருக்கும். ஆனால், டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான கேபிளும், டிரைவைத் தாங்கும் உலோகச் சட்டமும் உள்ளே இருக்காது. உங்கள் மாடலுக்கான கேபிள் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே டிரைவை வாங்க வேண்டும். மாடல் மாறினால் கேபிளும் மாறும்.

3. டிவிடி டிரைவ் இருக்கும் இடம்: பழைய லேப்டாப்களுக்கு இதுதான் வரப்பிரசாதம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, 'கேடி' என்ற சட்டத்துக்குள் டிரைவை வைத்து அதே இடத்தில் தள்ளிவிடலாம். கேடி 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு தடிமன்களில் வருகிறது. டிவிடி டிரைவை வெளியே எடுத்து ஸ்கேலால் அளந்த பிறகு வாங்குவது நல்லது. இந்த முறையில் புதிய எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்டு டிஸ்க்கை கேடியிலும் வைப்பதுதான் சரி. சில லேப்டாப்கள் டிவிடி இடத்தில் இருக்கும் டிரைவிலிருந்து விண்டோஸைத் தொடங்காது.

இதையெல்லாம் திறக்காமலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த ஸ்லாட் எந்த வகை என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். இப்போது உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா என்பதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனாலே பார்த்துவிடலாம்.

விலை குறைந்த, மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் 'இஎம்எம்சி' என்ற வகை சேமிப்பு மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றவே முடியாது. கூடுதல் ஸ்லாட் இல்லையென்றால், அவற்றுக்கு யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ்தான் வழி.

வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

எம்.2 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதற்குள் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில ஸ்லாட்கள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும்தான் ஏற்கும். எஸ்எஸ்டியின் தங்க நிற முனையைப் பார்த்தால் ஓரளவு அடையாளம் தெரியும். பொதுவாக சாட்டா வகையில் இரண்டு வெட்டுகளும், என்விஎம்இ வகையில் ஒரு வெட்டும் இருக்கும். இருந்தாலும் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி.

அடுத்தது நீளம். 2280 என்று எழுதியிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242 என்றால் நீளம் 42 மி.மீ. 2230 என்றால் 30 மி.மீ. உங்கள் லேப்டாப்பில் ஸ்க்ரூ போடும் துளை எந்த நீளத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ற டிரைவைத்தான் வாங்க வேண்டும். அந்தக் குட்டி ஸ்க்ரூ உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலி ஸ்லாட்டுகளில் பல நேரம் அது மட்டும் இருக்காது.

'512 ஜிபி என்று வாங்கினேன், 476 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிரைவ் நிறுவனங்கள் 1,000-ன் பெருக்கத்தில் கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024-ன் பெருக்கத்தில் கணக்கிடுகிறது. அதனால் 256 என்பது 238 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபி ஆகவும் தெரியும். யாரும் எதையும் திருடவில்லை.

ஆனால், நிஜமான மோசடியும் உண்டு. நம்ப முடியாத குறைந்த விலைக்கு 'பல டிபி' என்று ஆன்லைனில் விற்கப்படும் பெயர் தெரியாத டிரைவ்களில், உள்ளே இருப்பது சில ஜிபி மெமரி கார்டாகக்கூட இருக்கலாம். கம்ப்யூட்டரிடம் பெரிய எண்ணைச் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். முதலில் எல்லாம் சரியாக வேலை செய்வதுபோல இருக்கும். உண்மையான இடம் நிறைந்ததும், புதிதாகப் போடும் கோப்புகள் பழையவற்றின் மேல் எழுதப்பட்டு, எல்லாம் கெட்டுவிடும். பெயர் தெரிந்த நிறுவனம், ஜிஎஸ்டி பில், வாரன்டி மூன்றும் இல்லாமல் டிரைவ் வாங்க வேண்டாம்.

படாளத்திலிருந்து நேரில் போய் வாங்க நினைப்பவர்கள் செங்கல்பட்டு அல்லது மதுராந்தகத்தில் விசாரிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகிறவர்கள், லேப்டாப்பின் மாடல் எண்ணையும், அடிப்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. விலையையும் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் வாங்கிய விலையை இப்போது எதிர்பார்க்க முடியாது.

ஸ்க்ரூவைத் தொடும் முன்...

வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அரசு கொடுத்த லேப்டாப்போ, கடையில் வாங்கியதோ, வாரன்டி காலம் முடியவில்லை என்றால், திறக்கலாமா என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். 256 ஜிபி நிறைந்துவிட்டது என்பதற்காகப் புது லேப்டாப்பைத் திறப்பதைவிட, வாரன்டி முடியும்வரை வெளி டிரைவில் சமாளிப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து, உள்ளே இருக்கும் முக்கியமான கோப்புகளை வேறு எங்காவது நகல் எடுத்துவிடுங்கள். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், நண்பரின் கம்ப்யூட்டர் எதுவானாலும் சரி. 'டிரைவ் சேர்க்கத்தானே போகிறோம், பழையதைத் தொடப்போவதில்லையே' என்று இதை விட்டுவிடக் கூடாது. தவறான டிரைவை ஃபார்மேட் செய்ய ஒரே ஒரு கிளிக் போதும்.

விண்டோஸ் 11 லேப்டாப்களில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு, உங்களுக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கலாம். டிரைவை மாற்றினாலோ, பயாஸ் அமைப்பைத் தொட்டாலோ, அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்கள் போட்டோவாகவே இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பொருத்துவது எப்படி?

லேப்டாப்பை முழுமையாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உள்ளேயே இருந்தால், அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்க வேண்டும்.

அடிமூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. கழற்றக் கழற்ற, அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். நீளமான ஸ்க்ரூவைத் தவறான துளையில் முறுக்கினால், உள்ளிருக்கும் பாகத்தில் குத்திவிடும். ரப்பர் காலுக்கு அடியிலும், ஸ்டிக்கருக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால், பலம் காட்டாமல் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் விட்டு, ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மூடி உடையும்.

உள்ளே கைவைக்கும் முன், நிலைமின்சாரம் போக எர்த் உள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். எம்.2 எஸ்எஸ்டியை ஸ்லாட்டில் சற்றுச் சாய்வாகச் செருக வேண்டும். முழுவதும் உள்ளே போனதும் மறுமுனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை மெதுவாக அழுத்தி ஸ்க்ரூவை மாட்டினால் முடிந்தது. சுத்தியல் வேலைக்கு இங்கே இடமில்லை. போகவில்லை என்றால், திசை தப்பு அல்லது வகை தப்பு.

கைநடுக்கமோ, தயக்கமோ இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். பழைய டிரைவைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பது உங்கள் குடும்பம்.

மாட்டியாச்சு, காணவில்லையே!

புதிய டிரைவைப் போட்டு ஆன் செய்ததும், 'மை கம்ப்யூட்டர்' பகுதியில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம். புதுப் பீரோவுக்கு இன்னும் தட்டு போடவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்தால், 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லிக் கேட்கும். எம்பிஆர், ஜிபிடி என இரண்டு முறைகளைக் காட்டும். தகவல்கள் வைப்பதற்கான டிரைவ் என்றால் ஜிபிடி போதும். 2 டிபிக்கு மேற்பட்ட டிரைவை எம்பிஆரால் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பிறகு, கறுப்புப் பட்டையாகத் தெரியும் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால், டிரைவ் தன் எழுத்தோடு வந்து நிற்கும். இந்த இடத்தில் டிரைவின் அளவை இரண்டு முறை சரிபாருங்கள். பழைய டிரைவும் அதே திரையில்தான் இருக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் தெரியவில்லை என்றால், பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், டிரைவ் சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்லாட்டுக்குப் பொருந்தாத வகை.

இடத்துக்காகப் போட்டவர்கள், வீடியோ, டவுன்லோடு ஃபோல்டர்களைப் புதிய டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வேகத்துக்காக எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. இன்னொன்று, பழைய டிரைவை அப்படியே அச்செடுக்கும் 'குளோனிங்'. எஸ்எஸ்டி நிறுவனங்கள் பல இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. குளோன்ஸில்லா என்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. புதிய டிரைவிலிருந்து லேப்டாப் நல்லபடியாக ஒரு வாரம் ஓடிய பிறகே, பழைய டிரைவில் இருக்கும் விண்டோஸை அழியுங்கள்.

எல்லா லேப்டாப்பும் இதற்குத் தகுதியா?

இல்லை. 2011, 2012 காலத்து லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டால் ஆன் ஆகும் நேரம் நன்றாகவே குறையும். ஆனால், 2 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசர் திணறத்தான் செய்யும். ரேமையும் கூட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொள்வது பாதுகாப்பான வழி. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் ஊர் மாணவர்களுக்குப் புதிதல்ல.

கீபோர்டு, பேட்டரி, திரையின் கீல் என்று ஏற்கெனவே மூன்று நான்கு இடங்களில் பழுது இருந்தால், அந்த லேப்டாப்புக்கு உள்ளே டிரைவ் வாங்கிப் போடாதீர்கள். அதே பணத்துக்கு வெளி எஸ்எஸ்டி வாங்கினால், நாளை எந்த லேப்டாப் வந்தாலும் அது உதவும்.

இரண்டு பீரோ, ஒரே வீடு!

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது டிரைவ் போட்டதும் பலர், 'இனி கவலை இல்லை, எல்லாம் டி டிரைவில் இருக்கிறது' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து.

ஒரே வீட்டில் இரண்டு பீரோ வைத்திருக்கிறோம் என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஒன்று மட்டும் நனையாமல் இருக்குமா? 2015 டிசம்பர் மழையில் சென்னையும் செங்கல்பட்டு வட்டாரமும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லேப்டாப் தண்ணீரில் மூழ்கினால் இரண்டு டிரைவும் மூழ்கும். பஸ்ஸில் பை தொலைந்தால் இரண்டும் தொலையும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டையும் பூட்டும். போட்டோக்களை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டால், அப்போதும் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். இடம் மாறியிருக்கிறது, பாதுகாப்பு கூடவில்லை.

எஸ்எஸ்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் 'கடக் கடக்' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் ஒருநாள் நின்றுவிடலாம். தவறுதலாக அழித்த கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி, அழித்த இடத்தை 'ட்ரிம்' என்ற முறையில் தானே துடைத்துவிடும் என்பதால், அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இதற்குத் தீர்வு, உலகம் முழுக்கத் தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் 3-2-1 விதி. முக்கியமான கோப்புக்கு 3 பிரதிகள், 2 வெவ்வேறு சாதனங்களில், அதில் 1 பிரதி வேறு இடத்தில். வீட்டு அளவில் இது கஷ்டமே இல்லை. லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் ஒன்று. கிளவுடுக்குக் காசு கட்ட வேண்டாம் என்பவர்கள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற அக்கா வீட்டில் ஒரு பிரதியைக் கொடுத்து வைக்கலாம். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வரச் சொல்லி, புதுப் போட்டோக்களைச் சேர்த்துக் கொடுத்தனுப்பினால் போதும்.

வெளியே வைக்கும் அந்தப் பிரதிக்குப் புது டிரைவ் வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கே போதும். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி உறையில் அதைப் போட்டால், வெளி ஹார்டு டிஸ்க் தயார். வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் பீரோவில் தூங்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க்கே ஏற்றது. ஒரே நிபந்தனை, அது ஆரோக்கியமாக இருக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், டிரைவின் உடல்நிலையை 'குட்', 'காஷன்', 'பேட்' என்று சொல்லிவிடும். 'காஷன்' வந்தால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த ஸ்லாட் காலி என்று பாருங்கள். அது மெதுவாக நடக்கட்டும், டிரைவ் அடுத்த மாதச் சம்பளத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். ஆனால், பட்டா, சர்டிஃபிகேட், பாட்டியின் போட்டோ இருக்கும் ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவிலாவது இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்!